பாசி என்று எழுதி வைத்தேன்

போன நோன்பு மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நோன்பு துறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது, கல்முனையில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் பயம்தான் வரும். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வரும்.

நான் தாவரவியல் படிக்கிறவள். கல்யாணம் முடித்து, ஒரு பிள்ளையும் பெற்று, அதன் பிறகு மேல்படிப்புக்குப் பதிந்தேன். என் ஆய்வு பாசியைப் பற்றியது. பாசி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ சாமான்கள் இருக்கின்றன. குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றடியில் ஆளை விழுத்துவதும் பாசி, பிள்ளைகள் கோத்துப் போடும் மணியும் பாசி. நோன்பு துறக்கும்போது பீங்கானில் துண்டு துண்டாக வெட்டி வைக்கும் குளுகுளு கடற்பாசியும் வாய்ப்பேச்சில் வெறும் பாசிதான். நான் படிப்பது இவற்றில் எதுவுமில்லை. ஈரமான கல்லிலும் மரப்பட்டையிலும் மெத்தை போலப் படர்ந்து வளரும், பூவே பூக்காத மிகச் சின்னஞ்சிறு செடி அது.

இதை நான் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிக் களைத்துவிட்டேன். மாமிக்கு, அதாவது என் கணவரின் உம்மாவுக்கு, சொன்னது மட்டும் பத்துத் தரமாவது இருக்கும்.

"எங்கட கிணத்தடியில இல்லாத பாசியா மகள்? அதச் சுரண்டிக் குடுத்தா பட்டம் தர மாட்டாங்களா?" என்பார் ஒவ்வொரு தரமும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மாமி எங்களோடு இருக்கிறவர் இல்லை. நிந்தவூரிலிருந்து எப்போதாவது வருவார். விருந்தாளியாக வருவார், வந்து செருப்பைக் கழற்றிய உடனே குசினியைப் பிடித்துக்கொள்வார். சமையலுக்கு நல்ல கை, ஆனால் நல்ல வாயும் கூட. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குசினியில் இருந்தால் என் கணவர் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கடைத்தெருவுக்குப் போய்விடுவார்.

அவர் லொறி ஓட்டுகிறவர். இங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வெலிமடைப் பக்கம் போவார், அங்கிருந்து லீக்ஸும் கரட்டும் கோவாவுமாக மலைநாட்டு மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்குவார். என் ஆய்வுக்கு உயரமான மலையில் இருக்கும் சுண்ணாம்புக் கல் வேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, "அதுக்கா இவ்வளவு கவலைப்படுறாய்? நான் போற ரோட்டுக்கு மேல ஒரு வெள்ளைக் கல்லு மலை இரிக்கி. முந்தி சுண்ணாம்புச் சூளைக்குக் கல்லு ஒடச்ச இடம்" என்றார். அனுமதி எடுத்துக்கொண்டு, பிள்ளையை என் உம்மாவிடம் விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளோடு நானும் ஏறினேன்.

அந்தக் குளிரை எங்கள் கடற்கரை ஆட்கள் தாங்குவது கஷ்டம். இவர் சாரத்துக்கு மேல் என்னுடைய கம்பளிச் சால்வையையும் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க எனக்கு முன்னால் ஏறினார். அடிவாரத்து ஓடையோரம் சாதாரணக் கருங்கல். அதில் ஒரு பாசி கிடைத்தது. ஏறி ஏறி மேலே போனால் சுண்ணாம்புக் கல்லாலான வெள்ளைப் பாறை. அதிலும் ஒரு பாசி கிடைத்தது. இரண்டும் பார்வைக்கு அச்சொட்டாக ஒன்றுதான். ஆனால் ஒன்றுதானா என்பதுதான் கேள்வி. புத்தகத்தில் இப்படி ஒரு சோடி இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டு இனங்கள். ஒன்று எந்தக் கல்லிலும் வளரும். மற்றது சுண்ணாம்புக் கல்லைத் தவிர வேறெதிலும் காலூன்றாது. அந்த இரண்டாவது இனம் அந்த மலையில் இருக்கிறதென்று காட்டுவதுதான் என் ஆய்வின் கடைசி அத்தியாயம். அது இல்லாவிட்டால் மிச்ச அத்தியாயங்கள் வாசலில்லாத வீடுதான்.

இரண்டையும் தனித்தனியாகப் பத்திரிகைத் தாளில் மடித்து, எது எங்கே எடுத்தது என்று மேலே எழுதினேன். பென்சிலால் எழுத வேண்டும் என்று என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் ஆயிரம் தரம் சொல்லியிருந்தார். நான் புதிதாக வாங்கிய நீலப் பேனையால் அழகாக எழுதினேன். இவர் அதைவிட ஒரு படி மேலே போய், "சூட்டுல வாடிரும்" என்று இரண்டு பொட்டலங்களையும் லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் பத்திரமாகச் செருகி வைத்தார். லீக்ஸ் வாடாமலிருக்க வழிநெடுகத் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது லொறிக்காரருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எடுத்தால் இரண்டு தாள்களிலும் நீலக் கறை மட்டும் இருந்தது. எது மேலே எடுத்தது, எது கீழே எடுத்தது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதப் போவதில்லை.

மேடம் காரைதீவுக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கல்லு ஏதும் ஒட்டிக்கொண்டு இருக்கா? ஒரு துண்டு இருந்தா அமிலம் விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக் கல்லெண்டா நுரைக்கும்."

"இல்ல மேடம், ஒரு கல்லும் இல்லாம நல்லாத் துப்பரவாக்கித்தான் கொண்டு வந்தேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "நல்ல துப்பரவு" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நுணுக்குக்காட்டியில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு உறுப்பு இருக்கிறது, வித்திகள் இருக்கும் சின்னக் குடுவை போன்ற பகுதி. அது இரண்டிலுமே இல்லை. பிய்த்துப் பார்ப்போமா என்று கேட்டேன். "இருக்கிறதே ஒரு பிடி. அதையும் பிய்ச்சா என்னத்தைக் காட்டுறது? திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வாங்க" என்றார் மேடம்.

திரும்பப் போவதற்குள் அந்தப் பெரிய மழை வந்தது. மலைநாட்டில் வீடுகளும் ஆட்களும் மண்ணுக்குள் போன செய்தியைக் கேட்டுக் கேட்டு அழுத நாட்கள் அவை. அந்த நேரத்தில் பாசியை யார் நினைத்தது? பல நாட்களுக்குப் பிறகு வீதி திறந்து, இவர் முதல் தடவையாக லொறியை மேலே ஏற்றிக்கொண்டு போனார். போனில் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அந்த வெள்ளைக் கல்லு இல்ல. மலைட அந்தப் பக்கமே சரிஞ்சிட்டு. சிவப்பு மண்தான் தெரியுது."

நாங்கள் ஏறின பாதை போய்விட்டது. அந்தப் பாறையில் இருந்ததென்று உலகத்தில் மிச்சமாகியிருந்தது என் இரண்டு பொட்டலங்களில் ஏதோ ஒன்றுதான்.

எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை, பிள்ளைக்குச் சுகமில்லாத நேரத்தில், தவணை நீட்டித் தந்திருந்தார்கள். இனி நீட்ட வழியில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும். இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்கும், குத்துமதிப்பாக ஒன்றை எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. மேடத்துக்கு என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும்.

"ஊகிச்சு எழுதாதீங்க. எழுதினா நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இப்படித்தான் நோன்பு மாதம் பிறந்தது. பொட்டலங்களைப் புதிய தாளில் மாற்றி மடித்தேன். எங்கள் கடற்கரைக் காற்றில் எல்லாம் ஈரம் பிடித்துவிடும் என்பதால், வீட்டிலேயே காய்ந்த இடமான குசினி அலுமாரிக்கு மேல் வைத்தேன். அங்கும் ஒரு ஆபத்து வந்தது. உம்மா ஒரு நாள் குசினியைக் கூட்டித் துடைக்கும்போது பழைய குப்பையென்று இரண்டையும் அள்ளிவிட்டார். நல்ல காலம், நான் கண்டேன். இனி யாரும் குப்பையென்று நினைக்கக் கூடாது என்று, பெரிய எழுத்தில், இந்தத் தடவை பென்சிலால், ஒன்றில் "பாசி 1" என்றும் மற்றதில் "பாசி 2" என்றும் எழுதி வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு மாமி நோன்பு துறக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். இவர் லொறியோடு வந்துகொண்டிருந்தார். குசினி மாமியின் கையில் இருந்தது. நான் அறைக்குள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டு ஆய்வேட்டை எப்படியாவது ஒப்பேற்ற முடியுமா என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

"மகள், பாசி வந்திட்டா? எங்க இரிக்கி?" என்று குசினியிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

மாமி மறுபடி என் படிப்பைச் சீண்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஓம் மாமி, அலுமாரிக்கு மேல இரிக்கி. ரெண்டு பொட்டலம்" என்றேன்.

"ஒண்டு போதும்" என்றார்.

அதையும் பகிடியென்று எடுத்துக்கொண்டேன். எழும்பிப் போய்க் கைகால் முகம் கழுவி வுழூ எடுத்து அஸர் தொழுதேன். தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு கையேந்தி, "யா அல்லாஹ், இந்த இரண்டில் எது என்று எனக்குக் காட்டித் தா" என்று கேட்டேன். அப்படிக் கேட்கலாமா, பாசிக்கெல்லாம் துஆச் செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன்.

தொழுத பாயை மடித்து வைத்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டது தரையில் பாதி பிரிந்து கிடந்த தாள். அதில் என் கையெழுத்து, "பாசி 1".

மாமி பலகையில் குந்தியிருந்தார். முன்னால் அரிக்கன்சட்டி. அது எங்கள் வீடுகளில் அரிசியிலுள்ள கல்லைப் பிரிக்க வைத்திருக்கும் சட்டி. உள்ளே சுற்றிவர வரிவரியாக வெட்டியிருக்கும். தண்ணீர் விட்டு ஆட்டினால் அரிசி மேலே வரும், கல்லும் மண்ணும் வரிகளில் தங்கிவிடும். அந்தச் சட்டிக்குள் என் பாசியைப் போட்டு, இரண்டு கையாலும் பிசைந்து, கசக்கி, ஆட்டி, மேல்தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வடித்த கலங்கல் தண்ணீர் ஒரு வாளியில் இருந்தது.

எனக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. கிண்ணியாவில் இருக்கும் மாமியின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, ஒவ்வொரு நோன்புக்கும் கடற்பாசி அனுப்புவார். கடையில் பைக்கற்றில் விற்கும் வெள்ளைக் கீற்று இல்லை. கடலிலிருந்து அள்ளிக் காயவைத்தபடி, மண்ணும் சுருளுமாக, பழுப்பு நிறத்தில், பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் வரும். அதை ஊறப்போட்டுக் கசக்கி மண் எடுத்து, வாடை போகத் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், பிழிந்து, அதன் பிறகுதான் சீனியும் பாலும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். மாமி கேட்டது இன்னும் வந்து சேராத அந்தப் பாசியை. நான் கொடுத்தது இந்தப் பாசியை. தாளில் பெரிய எழுத்தில் பாசி என்று எழுதி வைத்ததும் நான்தான்.

ஒரு பிடியைப் பிய்க்கவே மேடம் விடவில்லை. மாமி அதை மீன் கழுவுகிற மாதிரிக் கழுவிக்கொண்டிருந்தார்.

வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "உங்களுக்குக் கண் தெரியாதா?" என்று தொடங்கியிருப்பேன், கிணற்றடிப் பாசியில் முடித்திருப்பேன். மாமி எழும்பிப் போயிருப்பார், பெருநாளைக்குக்கூட வந்திருக்க மாட்டார். ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது, "நான் நோன்பாளி" என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் நோன்பாளி, நான் நோன்பாளி" என்று மனதுக்குள் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமி நான் நிற்பதைக் காணவில்லை. சட்டிக்குள் குனிந்து மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் வெட்டி வைத்திருந்த தேசிக்காய்ப் பாதியை எடுத்துச் சட்டிக்குள் நன்றாகப் பிழிந்தார். பிழிந்த கை அப்படியே நின்றது.

"இஞ்ச பாரன் இத" என்றார் தனக்குத்தானே. பிறகு என்னைக் கண்டுவிட்டு, "மகள், என்ன பாசிகா இது? எங்கட ராத்தா ஊத்தையெல்லாம் கட்டி அனுப்பியிரிக்கா. எத்தின தண்ணி ஊத்தியும் மண் மணக்கி. தேசிக்காய் புழிஞ்சா நுரைக்கி. பழுதாப் போன சாமான். கொட்டிருவம்" என்று சட்டியைத் தூக்கினார்.

"கொட்டாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் மதிலில் இருந்த காகம் பறந்தது. மாமி சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்ச் சட்டியை வாங்கித் தரையில் வைத்து, முழந்தாளிட்டு உள்ளே பார்த்தேன். வரிகளில் மெல்லிய மண் தங்கியிருந்தது. கடலை மாவு போல அவ்வளவு நைசான மண். அந்த மண்ணிலிருந்து குண்டூசித் தலை அளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

"மாமி, அந்த மத்தப் பாதியையும் புழியுங்க."

"பசியில இவளுக்கு என்னமோ ஆகிட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே பிழிந்தார். மறுபடியும் நுரைத்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சின்னதாக ஒரு இரைச்சலும் கேட்டது.

நான் எழும்பி அலுமாரிக்கு மேலிருந்த "பாசி 2" பொட்டலத்தை எடுத்தேன். அதிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி, கோப்பைத் தட்டில் தண்ணீர் விட்டு, மாமி செய்தது போலவே கசக்கினேன். அதிலும் மண் இறங்கியது. இன்னொரு தேசிக்காயை வெட்டிப் பிழிந்தேன். பிழிந்த வேகத்தில் ஒரு சொட்டு என் கண்ணிலும் தெறித்தது. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மண் மண்ணாகவே கிடந்தது. ஒரு குமிழி கூட இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மாமி பயந்துபோய் என் தலையில் கை வைத்து ஓதத் தொடங்கிவிட்டார்.

"மாமி, இது கிண்ணியாப் பாசி இல்ல. நான் படிக்கிற பாசி" என்றேன்.

ஓதுவது பாதியில் நின்றது. சட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்த தாளைப் பார்த்தார், கலங்கல் தண்ணீர் வாளியைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! உன்ட பட்டத்தையா நான் கழுவி ஊத்திட்டன்?"

அவர் முகம் போன போக்கைக் கண்டு எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கழுவினபடியால்தான் இது எதுவென்று தெரிந்தது என்று சொல்லிச் சொல்லிக் களைத்தேன். அவர் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கடைசியில், "நோன்பு இல்லாட்டி ருசி பாத்திரிப்பேனேகா. நல்ல காலம்!" என்றார். அதற்கு நான் சிரித்த சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

சட்டியிலிருந்த பாசியை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினோம். காய்ந்து கிடந்தபோது பழுப்புச் சுருளாக இருந்தது. இப்போது ஒவ்வொரு இலையும் விரிந்து பச்சையாக நின்றது. மாமி குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு கசக்கியும் உசிரோட இரிக்கே" என்றார்.

அன்று நோன்பு துறக்கக் கடற்பாசி இல்லை. கஞ்சியும் ஈத்தம்பழமும்தான். இவர் வந்ததும் மாமி முந்திக்கொண்டு, "உன்ட பொண்டாட்டிட பாசிய நான் அரிச்சிட்டன் மகன்" என்று சொல்லிவிட்டார். அவர் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். வீடு இன்னும் எரியாமல் இருப்பதைக் கண்டு அவருக்கு வந்த ஆச்சரியம் இருக்கிறதே!

என் ஆறுதல் அடுத்த நாள் காலை வரைதான். மேடம் முழுக் கதையையும் சிரிக்காமல் கேட்டார். நான் நோன்பு என்பதால் மேசையில் இருந்த தேத்தண்ணியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"கல்முனையில சிப்பித்தூள் இல்லாத மண் எங்க இருக்கு? சிப்பியும் நுரைக்கும். அது உங்கட குசினித் தரையில இருந்து வந்த மண் இல்லையெண்டு எப்படிச் சொல்லுவீங்க? மாமி வெத்திலை போடுறவவா?"

மாமி வெற்றிலை போடுகிறவர்தான். நோன்பு துறந்தவுடன் முதலில் தேடுவது வெற்றிலைப் பெட்டியைத்தான். விரலிடுக்கில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். நான் தலையாட்டினேன்.

"பொட்டலத்தில மிச்சம் இருக்கா? தண்ணி படாதது?"

இருந்தது. மாமி முழுவதையும் கொட்டவில்லை, அரைவாசிக்குக் கிட்டத் தாளிலேயே இருந்தது. மேடம் தானே ஊசியால் நடுவிலிருந்து ஒரு சின்னக் கொத்தைப் பிரித்தெடுத்தார். காய்ச்சி வடித்த தண்ணீர், கழுவிய கண்ணாடித் தட்டு, புதிய துளிசொட்டி, எல்லாம் ஒழுங்காக. கொத்தைக் கசக்கினார். மண் இறங்கியது. நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். கண்ணை எடுக்கவேயில்லை. நான் பக்கத்தில் நின்று ஓதக்கூடிய எல்லாவற்றையும் ஓதிக்கொண்டிருந்தேன்.

"வாங்க, நீங்களே பாருங்க" என்றார்.

சிப்பித்தூள் இல்லை. கற்கண்டை உடைத்தது போல முனை முனையாகப் பளபளக்கும் துணுக்குகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் குமிழிகள் கொத்துக் கொத்தாக எழும்பின. பாசி 2-ஐயும் அப்படியே பார்த்தோம். அது அசையவில்லை.

மேடம் கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். என்னைப் போலவே அவரும் இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வேலை ஓடியது. கல் எதுவென்று தெரிந்துவிட்டால், செடியின் பெயரைத் தேடும் புத்தகத்தில் பாதி வழிகள் அடைபட்டு, மிச்சத்தை இலையை வைத்தே பிரித்துவிடலாம். இலை நுனி, ஓரம், நடு நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய், பின்னேரத்துக்குள் ஒரு பெயரில் வந்து நின்றோம். நாங்கள் தேடிய அதே பெயர். அதை இங்கே எழுதினால் உங்கள் வாய் சுளுக்கிக்கொள்ளும். மேடம் அதை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார், நானும் சொன்னேன். அந்த மலைச் சரிவில் இருந்தது என்று இனி எழுதி வைக்கலாம்.

"மண்ணை எப்படிப் பிரிச்சதெண்டும் எழுதோணும்" என்றார் மேடம்.

"அரிக்கன்சட்டியெண்டா எழுதுற மேடம்?"

"முதல்ல அதில வந்ததுதானே? நடந்ததை எழுதுங்க." அன்றுதான் மேடம் சிரித்ததை நான் கண்டேன்.

பெருநாளுக்கு முன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். பெருநாளன்று மாமி நிந்தவூரிலிருந்து வந்தார், கையில் ஒரு பாத்திரம். பச்சை நிறத்தில் கடற்பாசி காய்ச்சி, பாளம் பாளமாக வெட்டி வைத்திருந்தார். "இது என்ட பாசி. பயப்படாமத் தின்னு" என்றார். அலுமாரிக்கு மேலே இப்போதும் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் செடியின் முழுப்பெயர், எடுத்த இடம், எடுத்த கல் எல்லாம் எழுதி, கடைசி வரியில் தின்னக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

அன்று மட்டும் நான் நோன்பில்லாமல் இருந்திருந்தால், குசினி வாசலில் நின்றபடியே கத்தியிருப்பேன். மாமி பதறிப்போய் அந்தச் சட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்திருப்பார். மலையில் அந்தப் பாறையும் இல்லை. மிச்சமிருந்த அரைவாசியில் விடை இருக்கிறதென்று எங்களில் யாருக்கும் கடைசி வரை தெரிந்திருக்காது. மூன்று தரம் "நான் நோன்பாளி" என்று சொல்லும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தேசிக்காய் பிழிபட்டது. நோன்பு மாதம் போய்விட்டது, என் கோபம் இன்னும் மூக்கு நுனியில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் தொண்டை வரை ஏதாவது வந்தால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சட்டிக்குள் என்ன நுரைக்கிறது என்று முதலில் பார்க்கிறேன்.